பலகை ஆணி

உலோகம் தேடும் கருவியின் பெரிய காயிலை, அதன் முனையிலிருக்கும் கம்பிச்சுருளை, உப்பு மண்ணில் பிடித்தால் அது கத்தும். கீழே உலோகம் இருந்தாலும் கத்தும், இல்லாவிட்டாலும் கத்தும். பேச்சித்தாய் விடிந்ததிலிருந்து கீழத்தட்டுக் குடியிருப்பில் அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். காதில் மாட்டியிருந்த குமிழ் ஒரு நிமிடமாவது வாயை மூடியதா என்றால் இல்லை. கழற்றி எறிந்துவிட்டுப் போய்விடலாமா என்று இரண்டு தடவை நினைத்தாள். எறிந்தால் கூலி கிடைக்காது. அதற்கு மேல், அவள் போய்விட்டால் இந்த நாற்பது வீட்டுக்கும் இன்றோடு கதை முடிந்தது.

பின்னாலேயே வந்துகொண்டிருந்த சேர்மக்கனிக்கும் பொறுமை போய்விட்டது. அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். உப்பளத்தில் வேலை செய்தே கையும் காலும் வெடித்தவள். இந்தக் குடியிருப்பில் எது நடந்தாலும் முன்னால் வந்து நிற்பவள்.

"எம்மா காயில்காரம்மா, இந்தச் சனியன் எதுக்கு இப்படிக் கத்துது?"

"உப்புக்குக் கத்துது யக்கா. ஈர உப்புல கரண்டு ஓடும்லா. இதுக்கு அது செம்பு மாதிரித் தெரியுது."

"அப்ப எங்க ஊரு பூராச் செம்புன்னு எழுதிக் குடுத்துரு. சோலி முடிஞ்சிது."

பேச்சித்தாய்க்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

கடல் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக உப்பளத்துக்குள் வந்துகொண்டிருந்தது. கீழத்தட்டுக்காரர்கள் எப்படியும் கிளம்பியாக வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி. இந்த இடத்தில் நாற்பது வருடமாவது குடியிருந்தவர்கள் என்று நிரூபணமானால் தேரி மேட்டில், செம்மண்ணில், வீட்டுக்கு ஒரு மனை கிடைக்கும். உப்பளம் அங்கிருந்து நடந்து வரும் தூரம்தான். நிரூபணமாகாவிட்டால் நகரத்துக்கு வெளியே கட்டி வைத்திருக்கும் அடுக்குமாடியில் ஒரு அறை. பேச்சித்தாயின் அம்மாவும் ஓர் உப்பளக் குடியிருப்பிலிருந்து அந்த அடுக்குமாடிக்குத்தான் அனுப்பப்பட்டாள். ஏழாவது மாடி. லிஃப்ட் ஓடாது. வேலைக்கும் வழியில்லை. கீழே இறங்கப் பயந்து ஜன்னலிலேயே உட்கார்ந்து செத்துப்போனாள். அம்மா முன்பு இருந்த குடியிருப்புக்கு வடக்குத்தட்டு என்று பெயர். இப்போது அங்கே தண்ணீர் நிற்கிறது.

நிரூபிக்க முன்பெல்லாம் பட்டா, ரேஷன் அட்டை, கரண்டு பில் என்று எதையாவது காட்டுவார்கள். எந்தக் காகிதத்தையும், எந்தப் படத்தையும், செத்தவன் பேசுகிற வீடியோவையும்கூடக் கைபேசியில் ஒரு மூச்சில் செய்துகொள்ளலாம் என்று ஆன பிறகு, நீதிமன்றம் அவற்றை நம்புவதை விட்டுவிட்டது. மனிதர்கள் வாயால் சொல்வதை அது எந்தக் காலத்திலும் பெரிதாக நம்பியதில்லை. மிஞ்சியது மண். ஒரு இடத்தில் மனிதர்கள் புதைத்த உலோகம் எத்தனை வருடமாக அங்கே கிடக்கிறது என்று மேலே இருந்தபடியே சொல்லும் காயில் வந்தது. சட்டமும் வந்தது. அளவைத் துறை வேனின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்: மண் பொய் சொல்லாது.

அந்த வேனின் நிழலில்தான் அளவர் ஞானதுரை உட்கார்ந்திருந்தார். கெட்டவர் இல்லை. கழுத்தில் ஈரத் துண்டும் மடியில் பலகைக் கணினியுமாக, சீக்கிரம் முடிந்தால் சரி என்றிருந்தார். அவர் பக்கத்தில் மண்ணில் இரண்டு சிவப்புக் கொடிகள் குத்தப்பட்டிருந்தன. பேச்சித்தாயின் எரிச்சலுக்குப் பாதிக் காரணம் அந்தக் கொடிகள்தான்.

முதல் கொடி ஒரு பித்தளைக் குத்துவிளக்குக்கு. மண்ணுக்குள் கிடந்த காலம் பதினெட்டு நாள் என்று காயில் சொன்னது. தோண்டிப் பார்த்தால் அடியில் விலைச்சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது. பேச்சித்தாய் அதைச் சேர்மக்கனியின் முகத்துக்கு நேராகப் பிடித்து, ஊரை ஏமாற்றுகிறவர்கள் ஸ்டிக்கரையாவது கிழிக்க மாட்டார்களா என்று கேட்டாள். சேர்மக்கனி, அது அவள் வேலை இல்லை என்றும், வெளியூரிலிருந்து ஒருவன் வந்து இப்படிப் புதைத்தால் மனை நிச்சயம் என்று சொல்லி இளவட்டங்களை ஏமாற்றிவிட்டுப் போனான் என்றும் சொன்னாள்.

இரண்டாவது கொடி ஒரு செம்புச் சொம்புக்கு. அதைக் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டில் ஊறப்போட்டுப் புளி தேய்த்துப் பச்சையேற்றியிருந்தார்கள். கண்ணுக்கு நூறு வருடம் தெரிந்தது. காயிலுக்கு இரண்டு மாதம்தான் தெரிந்தது.

"மூணாவது கொடி ஏறிட்டுன்னா ஊரையே மோசடின்னு எழுதி மூடிருவாக," என்று பேச்சித்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "அடுக்குமாடி அறை கூடக் கெடைக்காது. யாருட்டயும் ஒண்ணும் கேக்காம ஏன் யக்கா இப்படி வேலை பாக்குதீய?"

"கேட்டா மட்டும்?" என்றாள் சேர்மக்கனி. "எங்க மாமனார் காலத்துல இங்க பித்தளை எவன் கண்டான்? மண்சட்டி, ஓலைப்பெட்டி. நாங்க என்னத்தப் புதைக்க, எங்க வயித்தயா?"

உப்பள முதலாளியின் பழைய சரக்குக் கிட்டங்கியில் போன வாரம் இதே காயிலைப் பிடித்தபோது மணி, அண்டா, பெட்டிப் பூண் என்று வரிசையாக வந்தது. கருவி பாட்டுப் பாடியது. அவர்கள் கேட்டதற்கு மேலேயே நிலம் கிடைத்தது. இங்கே நாற்பது வீட்டு மண்ணும் சேர்ந்து சொன்னது உப்பு, உப்பு, உப்பு என்பதை மட்டும்தான்.

அந்த நேரத்தில்தான் காலை வாருதலை முடித்துவிட்டு ஆட்கள் பாத்தியிலிருந்து, உப்பைக் குவிக்கும் தட்டுமேட்டுக்கு ஏறி வந்தார்கள். உப்பு வாரும் பலகைகள் தோளில் கிடந்தன. நீளமான கம்பின் முனையில் குறுக்கே ஒரு மரப்பலகை, அதை இறுக்க மூன்று ஆணி, அவ்வளவுதான் அந்தக் கருவி. முன்னால் வந்த இளைஞனின் பலகை ஒவ்வொரு எட்டுக்கும் லடக் லடக் என்று ஆடியது. சேர்மக்கனியின் புருசன் பரமசிவன் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏலே, ராத்திரி பூரா அழுதானாமே ஒம் மவன்? பலகைய விட ஜாஸ்தி ஆடுதியே."

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சித்தாய் சிரிக்கவில்லை. அவள் அந்தப் பலகையைப் பார்த்தாள். மூன்று ஆணியில் நடு ஆணி இல்லை.

அவளுக்குத் தான் பிறந்த ஊரின் பலகைகள் நினைவுக்கு வந்தன. வடக்குத்தட்டிலும் அப்படித்தான். பிள்ளை பிறந்தால் நஞ்சுக்கொடியை வாசலோரம் புதைப்பார்கள். வெறும் கொடியைப் புதைத்தால் பிள்ளையை ஏதாவது கூப்பிட்டுக்கொண்டு போய்விடும் என்று, தகப்பன் தன் பலகையிலிருந்து நடு ஆணியைப் பிடுங்கி அதோடு வைப்பான். பதினாறு கழியும் வரை அந்த ஓட்டையில் வேறு ஆணி அடிக்கக் கூடாது. அதனால் உப்பளத்தில் பலகை ஆடினால் வீட்டில் பிள்ளை என்று அர்த்தம். கங்காணிகூட அந்தப் பதினாறு நாளும் உப்பு குறைகிறதே என்று திட்ட மாட்டான்.

"யக்கா, நீங்களும் ஆணி போடுவீயளா?"

"பின்னே? ஆணி போடாம பிள்ளை தங்குமா?"

"எல்லா வீட்டுலயுமா? உங்க மாமனார் காலத்துலேருந்தா?"

சேர்மக்கனி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஆமா. அது இரும்புல்லா. இரும்பு செல்லாதுன்னு மொதல்லயே சொல்லிட்டாகள்ல."

செல்லாதுதான். கருவியின் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தி வைத்தால் இரும்புக்கு மட்டும் காயில் வாய் திறக்காது. அழுத்தியே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பேச்சித்தாய் விறுவிறுவென்று வேனுக்கு நடந்து, பொத்தானை விடுவிக்கப் போகிறேன், சின்ன காயிலை மாட்டப் போகிறேன் என்று சொன்னாள். உள்ளங்கை அளவுதான் அந்தக் காயில். ஆழம் போகாது. ஆனால் கொஞ்சம் மண்ணைத்தான் பார்க்கும் என்பதால் உப்பின் கூச்சலும் கொஞ்சமாகத்தான் இருக்கும்.

"இரும்பெல்லாம் குப்பை, பேச்சியம்மா," என்றார் ஞானதுரை. "ஆணி, கம்பி, சோடா மூடி. ஒவ்வொண்ணுக்கும் நின்னா ஒரு ஊர முடிக்க ஒரு வருசம் ஆகும். அதான் விதி."

"யாரு சார் அந்த விதிய எழுதுனது? வீட்டுல அண்டா வச்சிருந்தவனா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் இத்தனை வருடத்தில் இந்தக் குரலில் பேசியதில்லை.

"கத்துற நிலத்துல எந்தக் காயிலு, எந்தப் பொத்தான்னு இயக்குறவ முடிவு பண்ணலாம்னு ஒரு வரி இருக்குல்லா சார்?"

இருந்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உச்சிக்குள் முடித்துவிடுங்கள் என்றார்.

சேர்மக்கனியின் வாசலிலேயே முதலில் வைத்தாள். சின்ன காயில் முணுமுணுத்ததே தவிர கத்தவில்லை. படிக்கல்லுக்கு ஒரு சாண் தள்ளி, தெளிவாக ஒரு சத்தம் வந்தது. இரும்பு. திரையில் எண் ஓடி நின்றது.

முன்னூற்றுப் பத்து வருடம்.

"இது யாருக்குப் போட்ட ஆணி?" என்று கேட்டாள்.

"தாரணிக்கு," என்றாள் சேர்மக்கனி.

சேர்மக்கனியின் மகள் தாரணி கதவோரம் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. கேட்டவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். தாரணி மட்டும் சிரிக்கவில்லை. "அதான் எனக்கு எங்கயும் மாப்பிள்ளை அமைய மாட்டேங்கு," என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாள்.

ஞானதுரை எழுந்து வந்து திரையைப் பார்த்தார். பேச்சித்தாய் அவருக்குச் சொன்னாள். சொல்லும்போதுதான் அவளுக்கே முழுதாக விளங்கியது. காயில் ஆணியைப் பார்த்து வயது சொல்வதில்லை. ஆணியைச் சுற்றி மண்ணில் எவ்வளவு துரு ஊறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறது. எவ்வளவு துருவுக்கு எத்தனை வருடம் என்ற கணக்கைச் செய்தவர்கள் செம்மண்ணிலும் கரிசலிலும் செய்திருப்பார்கள். உப்பில் இறங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கே ஆணி நாலு மழைக்குள் கரைந்துவிடும். துரு மட்டும் வட்டமாக வருடா வருடம் பரவிக்கொண்டே போகும். புதிதாகப் புதைத்த செம்பும் விளக்கும் கனமானவை, அதற்குள் அரிக்கவில்லை. ஆணி அப்படி இல்லை.

"இருக்கலாம்," என்றார் ஞானதுரை. "ஆனா எண்ணு வந்துட்டு. இத எழுதுனா என்ன ஆகும்னு தெரியும்ல?"

அவளுக்குத் தெரியும். சேர்மக்கனிக்குத் தெரியாது. அவள் முகத்தில் முன்னூறு வருடம் கிடைத்த சந்தோஷம் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் போனால் அது தொன்மை நிலம் என்று ஞானதுரை அவளுக்கு விளக்கினார். வேலி போட்டுவிடுவார்கள். அங்கே குடியிருப்பவர்கள் எல்லோரும் பழைய இடத்தில் பிற்பாடு வந்து குந்தியவர்கள், ஆக்கிரமிப்பாளர்கள். மனை கிடையாது. அறையும் கிடையாது.

சேர்மக்கனி மகளின் கையைப் பிடித்து இழுத்து வந்து அவர் முன்னால் நிறுத்தினாள்.

"கம்மியா இருந்தாலும் தப்பு, கூட இருந்தாலும் தப்பு. இந்தா நிக்கால்லா சார் இவ. இந்த வாசல்ல வச்சுத்தான் பெத்தேன். ஊரே பாத்துச்சு. ஆணிய நம்புவீய, ஆளை நம்ப மாட்டீயளா?"

ஞானதுரை அவள் கண்ணைப் பார்க்காமல்தான் பதில் சொன்னார். "மண்ணு சொல்றதத்தான்க்கா நான் எழுதணும். மனுசங்க சொல்றத எடுத்துக்கச் சட்டத்துல இடமில்ல."

இந்தக் கணக்கு தப்பு என்று மேலே எழுதிப் போட முடியாதா என்று பேச்சித்தாய் கேட்டாள். போடலாம் என்றார் அவர். குழு வரும், மண்ணை எடுத்துப் போகும், மூன்று வருடம் ஆகும். அவர் கை கடல் பக்கம் நீண்டது. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இன்றைக்கு ஓர் எண் போயாக வேண்டும். எதுவும் போகாவிட்டால் பூஜ்யம் என்று அதுவாகவே பதிந்துகொள்ளும்.

இன்னொன்று பார்த்துவிடுகிறேன் என்று சொல்லி அவள் பரமசிவனின் ஆணியைத் தேடினாள். அவர் பிறந்த வீடு அதே வரிசையின் கடைசியில் இருந்தது. பரமசிவனுக்கு அறுபதுக்கு ஒன்றிரண்டு குறைவு. உப்பளம் வெட்டிய வருடத்தில் அவர் தகப்பன் இங்கே வந்தார், மறு வருடமோ அதற்கடுத்த வருடமோ இவர் பிறந்தார். கீழத்தட்டில் புதைந்த முதல் ஆணி அவருடையது. காயில் தொள்ளாயிரத்து ஐம்பது வருடம் என்றது.

"பாண்டியன் காலத்து ஆளுல்லா நீரு," என்று யாரோ சொன்னார்கள். "ஒம்மக் கொண்டு மியூசியத்துல வைக்கணும் வே."

பரமசிவன் பீடியைக் கடித்தபடி, "அங்கயாவது எடம் குடுப்பானான்னு கேளு," என்றார்.

பேச்சித்தாய் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. அவள் மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. உப்பு ஒன்றைப் பதினாறாக்குகிறது. தாரணிக்கும் அதுதான், பரமசிவனுக்கும் அதுதான். இந்த ஊருக்கு உண்மையான வயது அறுபதுக்குப் பக்கம். அந்த உண்மையை இந்தக் கருவி தன் வாயால் சொல்ல வேண்டும் என்றால்...

அவளுக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. விலைச்சீட்டோடு விளக்கைப் புதைத்தவனைக் காலையில் அவள் வாய் கொள்ளாமல் திட்டினாள். இப்போது அவள் செய்யப் போவது என்ன? மாட்டினால் மூன்றாவது கொடி. அவள் வேலையும் போகும். வடக்குத்தட்டில் அன்றைக்கு யாரோ ஒருவன் பெரிய காயிலோடு வந்தான், பொத்தானை அழுத்திக்கொண்டே நடந்தான், பூஜ்யம் என்று எழுதிவிட்டுப் போனான். அவன் ஒரு விதியும் மீறவில்லை. அவள் ஆணியும் அங்கேதான் கிடந்தது.

அவள் சேர்மக்கனியைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனாள்.

"யக்கா, இந்தத் தெருவுல நாலு வயசுப் பிள்ளை யாரு வீட்டுல இருக்கு?"

சேர்மக்கனி அவளை உற்றுப் பார்த்தாள். படிக்காதவள்தான். ஆனால் நாள் கூலியில் முப்பது வருடம் கணக்குப் பார்த்து வாங்கியவள். ஒன்றும் கேட்கவில்லை.

"ஜெபா வீட்டுல. ஷைனிக்கு நாலு."

ஜெபாவின் வாசலில் ஒரு கிழிந்த தார்ப்பாய்க்குக் கீழே சத்தம் வந்தது. மற்ற இரண்டையும் விடக் கூர்மையாக. பேச்சித்தாய் காயிலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, திரையைத் தான் பார்க்காமல் ஞானதுரை பக்கம் திருப்பினாள்.

"அறுபத்து நாலு," என்று அவர் வாசித்தார்.

பிழைத்தோம் என்று எவரும் சத்தம் போடவில்லை. அவர் விரலைக் கணினி மேல் வைத்தார். மேலே தூக்கினார். முன்னூற்றுப் பத்து, தொள்ளாயிரத்து ஐம்பது, இப்போது அறுபத்து நாலு. அவரும் கணக்குத் தெரிந்தவர்தான்.

"இது யாரோட ஆணி?" என்று கேட்டார்.

பேச்சித்தாய் தரையைப் பார்த்தாள். ஜெபாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற ஷைனிதான், தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து முன்னால் வந்தாள்.

"எனக்கு உள்ளது. அப்பா பலகையில பிடுங்கி எனக்குப் போட்டாக."

ஜெபா பாய்ந்து பிள்ளையின் வாயைப் பொத்தினாள். பொத்திய பிறகுதான், பொத்தியது இன்னும் மோசம் என்று அவளுக்குப் பட்டது. கையை எடுத்துவிட்டாள்.

ஞானதுரை குனிந்து உட்கார்ந்தார். "பாப்பாக்கு எத்தன வயசு?"

ஷைனி நாலு விரலைக் காட்டினாள். ஒன்று மடங்கிக்கொண்டது. அதை மற்றக் கையால் நிமிர்த்தி மறுபடி காட்டினாள்.

அவர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மண்ணில் நட்டிருந்த இரண்டு சிவப்புக் கொடிகளை. பிறகு பேச்சித்தாயை. அவள் கண்ணை எடுக்கவில்லை. பிடித்துக்கொள்ளட்டும், எழுதட்டும், இதற்கு மேல் தன்னால் கெஞ்சவும் முடியாது, கத்தவும் முடியாது என்று நின்றாள்.

ஞானதுரை முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"மனுசங்க சொல்றத எடுத்துக்கச் சட்டத்துல இடமில்ல," என்றார். "சின்ன மனுசங்களா இருந்தாலும் சரி."

அறுபத்து நாலு என்று பதிந்தார். முதல் இரண்டு எண்ணையும் உப்புக் கூச்சல் என்று தள்ளினார். விதிப்புத்தகத்தில் அதற்கும் ஒரு வரி இருந்தது. கொடிகளைப் பிடுங்கி வேனில் எறிந்தார். யாரையும் பார்க்காமல் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பேச்சித்தாய் காயில்களைத் துடைத்துப் பையில் வைத்தாள். உப்பு ஒட்டியிருந்தால் அவையும் அரித்துவிடும். சேர்மக்கனி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. எதற்கு நன்றி, உள்ளதைத்தானே எழுதினார்கள் என்பது போலத்தான் நின்றாள். அதில் தப்பும் இல்லை. பேச்சித்தாய் தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு ஒன்று கேட்டாள்.

"தேரி மண்ணுல ஆணி போட்டா, இது எத்தன வயசு சொல்லும்?"

"அது செம்மண்ணுல்லா யக்கா. உள்ள வயசத்தான் சொல்லும்."

"அப்ப அடுத்தவாட்டி நம்மள அங்கருந்தும் எழுப்ப வந்தாகன்னா?"

பேச்சித்தாய் பையின் வாரை இழுத்துக் கட்டினாள். கட்டு இறுகவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"நாப்பது வருசம் ஆவணும்," என்றாள்.

சேர்மக்கனி சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரைத் தரையில் ஊற்றினாள். உப்பு மண் அதை உடனே குடித்துவிட்டது. தட்டுமேட்டில் அந்த இளைஞன் ஒற்றைக் கையால் பலகையைப் பிடித்து, ஆடாமல் இருக்க நடு ஓட்டையில் ஓலை ஈர்க்கை முறுக்கித் திணித்துக்கொண்டிருந்தான். மாலை வாருதலுக்குப் பலகை தயாராக வேண்டும்.